பிள்ளைகளும் வாழைப்பழ ரொட்டியும்

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டில் ரொட்டி சுட விரும்பும் தாய், ஈஸ்ட் என்னும் நொதிப்பூஞ்சையைச் சேர்த்து மாவு பொங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கும் கடை ரொட்டி முறையை முதலில் எடுக்காமல், ஆப்பசோடாவால் உடனே உப்பும் வாழைப்பழ ரொட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. ஈஸ்ட்டின் வேலை மாவுக்குள் மறைவாக, மெதுவாக நடப்பதால் சிறு பிள்ளையின் கவனம் அதற்குள் தெருவுக்குப் போய்விடும். சோடா ரொட்டியிலோ, பழம் பிசைந்த சிறிது நேரத்தில் மாவு அடுப்பேறிவிடுவதால், தான் செய்ததற்கும் விளைந்ததற்கும் உள்ள தொடர்பைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது.

வேண்டிய பொருள்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் குறைவில்லை. கீரமங்கலம், வடகாடு தோட்டங்களின் வாழையும், ஆலங்குடிப் பக்கத்து நிலக்கடலையிலிருந்து ஆட்டிய எண்ணெயும், ஆதனக்கோட்டையில் வறுத்து உடைக்கும் முந்திரியும் கிடைக்கும்போது நகரத்துக் கடைப்பெட்டிகளைத் தேட வேண்டியதில்லை. பழுக்கப் பழுக்க வாழையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், தோல் கறுத்து விலை இறங்கிய பழமே இதற்கு ஏற்றது. கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், உரித்த பழம் 250 கிராம், நாட்டுச்சர்க்கரை 100 கிராம், கடலை எண்ணெயும் புளித்த தயிரும் 75 மில்லிலிட்டர் வீதம், ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கைப்பிடி முந்திரி ஆகியவை போதும். மாவை இழுவையாக்கி வாயுவைப் பிடித்து நிறுத்தும் பசைப்புரதம் கேழ்வரகில் இல்லாததால், சத்து மிகுதி என்று அதன் அளவைக் கூட்டினால் ரொட்டி உதிரும்.

கலப்பதற்கு முன், ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் புளித்த தயிரை ஊற்றி, அதில் சிட்டிகை சோடாவைப் பிள்ளையின் கையாலேயே போடச் செய்ய வேண்டும். பாடநூலின் பல பக்கங்கள் சொல்வதை அந்த நுரை ஒரே நொடியில் சொல்லிவிடும். சோடா காரத்தன்மை உடையது. தயிரின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். இரண்டும் கூடும்போது பிறக்கும் கரியமில வாயுவே, அடுப்புச் சூட்டில் விரிந்து ரொட்டியில் துளைகளை உண்டாக்குகிறது. அமிலம் போதாமல் எஞ்சும் சோடா சவர்க்காரச் சுவையைத் தருவதால், அளவை வழித்துத் தட்டி எடுக்கப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக இங்கிலாந்தின் ஆல்பிரட் பேர்ட் 1843இல் உருவாக்கிய பேக்கிங் பவுடர் என்பதும், சோடாவோடு உலர்ந்த அமிலத்தையும் மாவுப்பொருளையும் சேர்த்த கலவையே. புளித்த தயிர் இருக்கும் வீட்டில் அதற்குத் தேவையில்லை.

நான்கு வயதுப் பிள்ளை பழத்தைப் பிசையலாம். எட்டு வயதுப் பிள்ளை நிறுக்கலாம், சலிக்கலாம். உலர்ந்தவற்றையும் ஈரமானவற்றையும் தனித்தனியே சேர்த்து, கடைசியில் ஒன்றாக்கி, உலர்மாவு கண்ணுக்குத் தெரியாத அளவில் கரண்டியை நிறுத்த வேண்டும். மேலும் கலக்கினால் கோதுமையின் பசைப்புரதம் இறுகி ரொட்டி ரப்பராகும். பச்சை மாவில் கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் விரல் நக்க விடலாகாது.

நெருப்பு மட்டும் பெரியவருடையது. ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான பழைய பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பி, மேலே தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, எண்ணெய் தடவி மாவூற்றிய கிண்ணத்தை உள்ளே இறக்கிச் சிறுதீயில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். குக்கரைப் பயன்படுத்தினால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிடுவது கட்டாயம். தண்ணீரின்றிச் சூடேற்றுவது குக்கருக்கு ஆகாது என்பதால் பழைய பாத்திரமே மேல். நடுவில் குத்திய ஈர்க்கு ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று பொருள். ஆறும் முன் வெட்டக் கூடாது.

மாவு சிந்தும், தரை பிசுபிசுக்கும், நேரமும் இரட்டிப்பாகும். அதற்காகக் கரண்டியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் தாய், அன்றைய ரொட்டியைக் காப்பாற்றிப் பிள்ளையின் ஆர்வத்தை இழக்கிறாள். மகளை அழைத்துவிட்டு மகனைத் திண்ணையில் விளையாட விடும் வழக்கமும் வேண்டாம். அவனும் நிறுக்கட்டும், பாத்திரமும் கழுவட்டும். மறுமுறை, தயிர் சேர்த்தது ஒன்றும் சேர்க்காதது ஒன்றுமாக இரண்டு சிறு கிண்ணங்களில் சுட்டுப் பார்க்கலாமா என்று அவர்கள் கேட்டால், மாவு வீணாகுமே என்று தடுக்காமல், இரண்டு கிண்ணங்களை எடுத்துக் கொடுக்க வேண்டும்.