தாள் சொல்லும் செய்தி

நுழையும்முன்

நாம் கையில் ஏந்தும் ஒவ்வொரு நூலும் பல கைகளைக் கடந்து நம்மை வந்தடைகிறது. மரக்கூழாகவோ கரும்புச் சக்கையாகவோ தொடங்கும் அப்பயணம் ஆலை, கிடங்கு, அச்சகம், நூற்கட்டுக் கூடம், விற்பனை நிலையம் எனத் தொடர்கிறது. இதனை வழங்கல் தொடர் என்பர். இத்தொடரின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுத்தொடரும் தளரும். கண்ணுக்குத் தெரியாத அத்தளர்ச்சியை முன்கூட்டியே அறிவிக்கும் தொழில்நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

தாளின் அருமை

அச்சுத்தொழில் தமிழகத்தில் வேரூன்றிய காலத்திலேயே வழங்கல் தொடரின் சிக்கலும் தோன்றிவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நடத்தியபோது, செருமனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துருக்கள் அளவில் பெரியனவாக இருந்தன. அதனால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று, தட்டுப்பாடும் ஏற்பட்டது. எனவே, சிறிய எழுத்துருக்கள் வார்க்கப்பட்டன. அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் நிறுவப்பட்டது. இருப்பது எவ்வளவு, தேவை எவ்வளவு என்னும் கணக்கே அன்றும் இன்றும் அச்சகத்தின் உயிர்நாடியாகும்.

சிவகாசியும் பருவமழையும்

அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசியில், அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி மாதிரிகளை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவது வழக்கம். அதன்பின் வணிகர்களின் ஆணைகள் வந்து குவியும். அச்சுப்பணி விரைவுபெறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலமே வடகிழக்குப் பருவமழைக் காலமுமாகும். நாள்காட்டி, பழம்போல அழுகுவதில்லை. ஆயினும் புத்தாண்டு பிறந்து சில நாள்கள் கழிந்தால் அதனை வாங்குவார் இலர். எனவே, மழையும் காலக்கெடுவும் ஒருசேர அச்சகத்தை நெருக்குகின்றன.

காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம்பட்ட இழைகள் தடிக்கும். அதனால் இழை ஓடும் திசைக்குக் குறுக்காகத் தாள் விரியும். அடுக்கி வைத்த தாள்களின் ஓரங்கள் மட்டும் ஈரமுற்றால் அவை அலையலையாக நெளியும். மறுதோன்றி அச்சு எனப்படும் ஆப்செட் முறையில் நீலம், செம்மை, மஞ்சள், கருமை ஆகிய நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாகப் பொருந்தவேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் படத்தின் கூர்மை கெடும். பட்டறிவுமிக்க தொழிலாளர், தாளை அசைத்து அதன் ஒலியாலும் தொடுகையாலும் ஈரத்தை உணர்வர். ஆனால், பூட்டிய கிடங்கில் நள்ளிரவில் ஏறும் ஈரத்தை உணர அங்கே எவரும் இருப்பதில்லை.

உணரிகளின் பணி

அவ்விடத்தில்தான் உணரி துணைசெய்கிறது. ஈரப்பத உணரியினுள் மெல்லிய பலபடிப் படலம் ஒன்று உண்டு. அது ஈரத்தை ஏற்கும்போது அதன் மின்பண்பு மாறுகிறது. அம்மாற்றம் எண்ணாக்கப்பட்டுக் கம்பியில்லா முறையில் கணினிக்குச் செல்கிறது. குறித்த எல்லையைத் தாண்டினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை வருகிறது. அவர் அத்தாள்களைத் தனியே உலரவைக்கவோ, வேறு தாள்களைப் பயன்படுத்தவோ முடிவெடுக்கலாம்.

காகிதச் சுருளில் ஒட்டப்படும் வானலை அடையாள வில்லை, அச்சுருள் ஆலையிலிருந்து புறப்பட்டதையும் கிடங்கை அடைந்ததையும் பதிவு செய்கிறது. மைக்கலத்தின் அடியிலுள்ள எடை உணரி, மை தீருமுன்பே தெரிவிக்கிறது. பொறியின் அதிர்வை அளக்கும் உணரி, தாங்கி தேய்வதைப் பழுது நேருமுன் காட்டுகிறது. இவ்வாறு பொருள்கள் தம் நிலையைத் தாமே அறிவிக்கும் அமைப்பு ‘பொருள்களின் இணையம்’ எனப்படும். கெவின் ஆஷ்டன் 1999இல் இப்பெயரைப் பயன்படுத்தினார்.

தெரிந்து தெளிவோம்

காகிதத்தைச் சோதிப்பதற்குரிய பன்னாட்டுத் தரச்சூழல் 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் ஆகும்.

சவுக்கு விளைவு

சவுக்கின் பிடியைச் சிறிது அசைத்தால் அதன் நுனி பெரிதாக வீசும். வழங்கல் தொடரிலும் இவ்வாறே நிகழ்கிறது. சான்றாக, கடைக்காரர் 100 நாள்காட்டிகளுக்குப் பதிலாக 110 கேட்கிறார் எனக் கொள்வோம். அச்சகத்தார் எதற்கும் இருக்கட்டும் என்று 125க்குத் தாள் கேட்கிறார். தாள் வணிகர் 150க்கு ஆலையில் சொல்லிவைக்கிறார். பிறர் கையிருப்பை அறியாத ஒவ்வொருவரும் அச்சத்தால் கூட்டிக் கேட்பதே இதற்குக் காரணம். உண்மையான இருப்பை அனைவரும் ஒரே நேரத்தில் காணும்போது அச்சம் குறைகிறது. தேவையற்ற தேக்கமும் குறைகிறது.

கருதத்தக்கன

உணரி பொய்யா மொழியன்று. நாளடைவில் அதன் அளவீடு பிறழலாம். எனவே உரிய காலத்தில் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். உலோகப் பொறிகள் வானலைக் குறிகைகளைத் தடுக்கக்கூடும். சிறிய அச்சகங்களுக்குச் செலவும் சுமையாகலாம். அவை கிடங்கின் ஈரப்பதத்தை மட்டும் முதலில் அளந்து, பயன் கண்டபின் படிப்படியாக விரிவுபடுத்துவது தக்கது. பொறியைக் கண்காணிக்க வந்த கருவி, தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் வேவு பார்க்கும் கருவியாக மாறிவிடாமல் காப்பதும் கடமையாகும்.

ஈரப்பதம் உயர்ந்திருக்கிறது என்பதை உணரி சொல்லும். காலக்கெடு நெருங்கும் வேளையில் காத்திருப்பதா, அச்சிடுவதா என்று முடிவுசெய்வோர் மனிதரே. தாளின் ஒலி கேட்டுப் பழகிய காதும் கருவி தரும் எண்ணும் இணையும் இடத்தில்தான் பிழையற்ற அச்சு பிறக்கிறது.

கற்பவை கற்றபின்

1. மழைக்காலத்தில் உங்கள் பாடநூலின் தாள்களில் ஏற்படும் மாற்றங்களை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.
2. அருகிலுள்ள அச்சகத்திற்குச் சென்று, தாள்களை ஈரத்திலிருந்து காக்கும் முறைகளைக் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.
3. ‘பட்டறிவும் கருவியும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.