குளத்துப் பாசியும் குளத்து ஜீவராசிகளும்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்து, நெய்வேலிச் சுரங்கங்களுக்கு அண்மையில் உள்ளது கம்மாபுரம் வட்டாரம். இங்குக் குடியானவர்களுக்குத் தோட்டக் குட்டையும் ஊர்க் குளமும் செய்யும் உதவி சிறிதன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் நீரைத் தேக்கி, கோடையில் கால்நடைகளுக்கும் நாற்றங்காலுக்கும் கொடுப்பவை அவையே. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தாலன்றி அங்கே சுரங்கம் நடத்துதல் இயலாது. ஆகையால் நிலத்தடி நீரையே முழுதும் நம்பியிராமல், மழை தரும் மேல்நீரைக் கெடாமல் காத்தல் இவ்வட்டாரத்தில் மிகவும் அவசியமாகும்.

மழைக்காலம் கழிந்து வெயில் ஏறியதும் இக்குட்டைகளிற் பலவற்றை ஒரு பச்சைப் போர்வை மூடிவிடுகிறது. மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கின்றன. சில நாட்களில் செத்து மிதக்கின்றன. உடனே மருந்து தெளிக்கலாமா என்று கேட்பவர் பலர். அவ்வாறு செய்யலாகாது என்பதையும், செய்யத்தக்கது இன்னதென்பதையும் இக்கட்டுரையில் கூறுவோம்.

பாசியின் இயல்பு

நீரின்மேல் மிதக்கும் பச்சை எல்லாம் ஒன்றல்ல. பச்சைப்பயற்றின் அளவும் இல்லாத சிற்றிலைகளாய், ஒவ்வொன்றின் கீழும் நூல்போன்ற ஒரு வேருடன் மிதப்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட சிற்றிலைப் பாசி. சாஸ்திர நூல்களில் இது லெம்னா எனப்படும். பெயர் பாசியாயினும் இது பூக்குந் தாவரம். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இனத்ததாகிய உல்பியா, வேரும் இன்றி மணல் போல் மிதப்பது. உலகிலுள்ள பூக்குந் தாவரங்களில் மிகச் சிறியது அதுவே.

கால்நடைத் தீவனத்திற்காகப் பலர் வளர்க்கும் அசோலா இதனின் வேறு. அசோலா பெரணி வகையைச் சேர்ந்தது. தன்னுள் வாழும் நீலப்பச்சைப் பாசியின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும். லெம்னாவுக்கு அந்தச் சக்தி இல்லை. நீரிலுள்ள சத்தையே அது உறிஞ்சும். ரோஜாப் பூப்போல் இலை அடுக்கிய ஆகாயத்தாமரையும், ஊதாப் பூப்பூக்கும் வெங்காயத்தாமரையும் இவ்விரண்டினின்றும் வேறானவை. அவை குட்டையிற் காணப்பட்டால் ஒன்றும் விடாமல் அகற்றிவிட வேண்டும். சிற்றிலைப் பாசியையோ அடியோடு ஒழிக்க வேண்டுவதில்லை. அளவில் வைத்தால் போதும்.

இப்பாசி விதையைவிட முளை பிரிவதாலேயே பெருகுகிறது. சத்தும் வெயிலும் வாய்த்தால் இரண்டு மூன்று நாட்களில் இரட்டிக்கும். இன்று குட்டையின் பதினாறில் ஒரு பங்கில் இருப்பது, மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டித்தால் பன்னிரண்டாம் நாளில் முழுவதையும் மூடிவிடும். ஒன்பதாம் நாளில் பாதிதானே இருக்கிறது என்று வாளாவிருப்பவர், அடுத்த மூன்று நாட்களில் மீதிப் பாதியையும் இழப்பர்.

பெருகுவதன் காரணம்

பாசி நோயன்று, நோயின் குறியாகும். வயலில் இட்ட யூரியாவும் மணிச்சத்தும், மாட்டுத் தொழுவத்துச் சாணமும் மூத்திரமும், எருக்குழியின் சாறும், வீட்டுச் சாக்கடையும் மழையோடு வந்து குட்டையில் சேர்கின்றன. விலை கொடுத்து வாங்கிய உரத்தில் எவ்வளவு வீணாயிற்று என்பதைக் காட்டும் கணக்கேடு இப்பாசியே. வரும் சத்தை நிறுத்தாமல் பாசியை மாத்திரம் ஒழிக்க முயல்வது, மடையை அடைக்காமல் நீரை இறைப்பதை ஒக்கும்.

மூடிய போர்வையால் விளையுந் தீங்கு

பாசி முழுவதும் மூடினால் வெயில் நீருக்குள் இறங்காது. உள்ளே இருக்கும் நீர்த்தாவரங்கள் பிராணவாயுவை வெளியிட மாட்டா. காற்றும் நீரோடு கலக்காது. அடியில் அழுகும் பொருள்கள் எஞ்சிய பிராணவாயுவையும் செலவழித்துவிடும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு இருப்பது மீனுக்கு நலம். 3 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் கெண்டை வகைகள் துன்புறும். இரவெல்லாம் செலவாகி விடியலில் அது மிகக் குறைந்திருக்குமாதலால், மீன் அவ்வேளையில் மேலே வந்து திணறுகிறது.

மருந்து தெளிப்போர் இத்தீங்கை ஒரே நாளில் வருவித்துக்கொள்கின்றனர். களைக்கொல்லியால் ஒருங்கே செத்த பாசி அடியில் அமிழ்ந்து அழுகும். அது உறிஞ்சியிருந்த சத்து மறுபடியும் நீரில் கரையும். சில வாரங்களில் புதுப்பாசி முளைக்கும். மயில்துத்தம் மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சு. மண்ணெண்ணெய் ஊற்றுவதோ தவளை, தட்டான், மீன்குஞ்சு ஆகிய யாவற்றையும் மாய்க்கும். அந்நீரைக் குடிக்கும் மாடுகளின் நலத்தையும் நினைக்க வேண்டும்.

குளத்து ஜீவராசிகளின் உதவி

குட்டையில் வாழும் உயிர்கள் குடியானவனுக்குக் கூலியின்றி வேலை செய்பவை. தவளைகள் வயற்பூச்சிகளைத் தின்னும். தட்டானின் குஞ்சுகள் நீருக்குள்ளிருந்து கொசுப்புழுக்களைப் பிடிக்கும். வளர்ந்த தட்டான் வயலின்மேல் பறந்து பூச்சிகளை உண்ணும். மடையானும் மீன்கொத்தியும் சில மீன்களை எடுப்பது உண்மையே. ஆயினும் அவை பூச்சிகளையும் உண்பவை. தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கரையோரச் செடிகளிடையே கூடு கட்டும். மெல்லோட்டு ஆமை செத்த மீனையும் அழுகலையும் தின்று நீரைத் துப்புரவாக்கும். இவ்வாமையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதை ஊராருக்கு அறிவித்தல் நலம்.

பாசியே கொசுவுக்குக் காரணம் என்று சிலர் கருதுவர். அடர்ந்த சிற்றிலைப் பாசி, பல வகைக் கொசுக்கள் முட்டையிடுவதற்குத் தடையாகவே இருக்கும். அஞ்சத்தக்கது ஆகாயத்தாமரையாகும். மான்சோனியா என்னும் கொசுவின் புழு அதன் வேரைத் துளைத்து அங்கிருந்தே மூச்சு வாங்கும். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோய் பரவியதற்கு அச்செடி நிறைந்த குளங்களே இடமாயின.

அகற்றும் முறை

குட்டையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாசி படர விடலாகாது. காற்று பாசியை ஒரு கரையில் ஒதுக்கியிருக்கும் வேளையே அகற்றத் தக்க வேளை. வைக்கோற்புரியையோ மூங்கில் கட்டிய கயிற்றையோ இருவர் இரு கரைகளிலும் பிடித்து, காற்றடிக்கும் திசையிலேயே மெல்ல இழுத்துவர வேண்டும். ஒதுங்கிய பாசியைக் கூடையாலோ சிறு கண்ணுள்ள வலையாலோ அள்ளலாம். அள்ளியதை உடனே வண்டியில் ஏற்றாமல், நீரை ஒட்டிய கரையில் சில மணி நேரம் பரப்பி வைக்க வேண்டும். அதனுள் சிக்கிய மீன்குஞ்சும் தட்டான் குஞ்சும் நத்தையும் நீருக்குத் திரும்ப அது வழியாகும். ஒரு மூலையைத் தொடாமல் விட்டு, பறவைகள் கூடு கட்டியிருக்கும் இடத்தைக் குஞ்சுகள் வெளியேறும்வரை கலைக்காதிருக்க வேண்டும்.

புல்கெண்டை மீன் இப்பாசியை விரும்பி உண்ணும். 1959-ஆம் ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து ஒரிஸ்ஸாவின் கட்டாக்குக்குக் கொண்டுவரப்பட்டு நம் நாட்டில் பரவிய மீன் அது. நிலைநீர்க் குட்டையில் தானாக இனம் பெருகாது; ஆற்றுக்கு வெள்ளம் புரளும் குட்டையில் அதை விடலாகாது. வாத்தும் பாசியைத் தின்னும். ஆனால் அதன் எச்சம் சத்தை நீருக்கே திருப்பும். குட்டைக்கு மிஞ்சிய வாத்துகளை விட்டால் பாசி குறைவதற்கு மாறாகக் கூடும்.

அகற்றிய பாசியின் பிரயோஜனம்

பத்துச் சென்ட் குட்டை சுமார் 400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ என்று கொண்டாலும், முழுதும் மூடிய பாசி 200 கிலோவாகும். நூறு கிலோ பச்சைப் பாசியை உலர்த்தினால் 5 முதல் 8 கிலோ வரையே நிற்கும், மற்றது நீர். சத்துள்ள நீரில் வளர்ந்த பாசியின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை புரதம் உண்டு. ஆகவே அது கோழிக்கும் வாத்துக்கும் மீனுக்கும் நல்ல துணைத்தீவனம். சிறிது சிறிதாகப் பழக்கியே கொடுக்க வேண்டும். வங்காள தேசத்தின் மிர்சாப்பூரில் ஒரு மருத்துவமனை வளாகத்தின் கழிவுநீரை லெம்னாக் குட்டைகளில் தெளிவித்து, அப்பாசியை மீனுக்கு இட்டு வளர்த்தனர். தாய்லாந்தில் உல்பியாவை மனிதரே சமைத்து உண்பர்.

எஞ்சியதைச் சாணத்தோடும் சருகோடும் அடுக்கி எருவாக்கலாம். வயலிலிருந்து ஓடிய சத்து இவ்வாறு வயலுக்கே திரும்புகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. லெம்னா தழைச்சத்தை உறிஞ்சுவது போலவே காட்மியம் முதலிய நச்சு உலோகங்களையும் உறிஞ்சும். தொழிற்சாலைக் கழிவோ, சாம்பல் நீரோ, சாக்கடையோ கலக்கும் குட்டையின் பாசியைத் தீவனமாக்கலாகாது. உண்ணும் பயிருக்கு எருவாகவும் இடலாகாது.

வராமற் காத்தல்

பருவமழைக்கு முன்னரே, நீர் நுழையும் வாய்க்காலின் இருமருங்கிலும் வெட்டிவேரையோ கொழுக்கட்டைப் புல்லையோ நெருக்கமாக நடுக. அவை வண்டலையும் உரத்தையும் தடுத்து நிறுத்தும். எருக்குழி குட்டைக்கு மேட்டில் இருத்தல் கூடாது. மழை வரும் அறிகுறி கண்டால் மேலுரம் இடுவதை ஒத்திப்போடுக. மாடு குளிப்பாட்ட ஒரு துறையை மாத்திரம் ஒதுக்குக.

சித்திரை, வைகாசியில் நீர் வற்றும்போது அடிவண்டலை எடுத்தால், அதில் தங்கிய மணிச்சத்தும் உடன் நீங்கும். ஏரி குளங்களின் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டில் வழி செய்தது. புறம்போக்குக் குளமாயின் முறைப்படி அனுமதி பெற்ற பின்னரே வெட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இதில் குடிகளுக்கு வழிகாட்டுதல் தகும். வண்டல் எடுக்கும்போது ஒரு பக்கத்துக் கரையையேனும் சரிவாக விடுக. நெகிழித்தாள் விரித்த பண்ணைக்குட்டையில் விழுந்த தவளையும் ஆமையும் ஏற முடியாமல் மடிகின்றன. ஒரு பழைய வலையைக் கரையிலிருந்து நீர்வரை தொங்கவிட்டால் போதும்.

குளத்து மீனைக் குத்தகைக்கு விடும் ஊராட்சிகள், நீரில் நஞ்சு தெளிக்கலாகாது என்பதையும், பாசியைக் கையால் அகற்ற வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்ப்பது நன்று. ஒருவர் தெளிக்கும் மருந்து, அக்குளத்தில் நீர் எடுக்கும் ஊரார் அனைவரையும் சாருமன்றோ?

சுருங்கக் கூறின், சத்து வரும் வழியை அடைத்து, மிகுந்த பாசியை அள்ளி, நல்ல பாசியைப் பயன்படுத்தி, ஒரு மூலையை ஜீவராசிகளுக்கு விட்டுவைத்தால் குளம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஐயம் உள்ளோர் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, தங்கள் வட்டார வேளாண்மை அலுவலரையோ அணுகி ஆலோசனை பெறலாம்.