தேடக் கற்போம், தேடக் கற்பிப்போம்

ஆகஸ்ட் 12 ஆம் நாளைத் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதனின் நினைவைப் போற்றும் நாள் அது. அன்று எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ‘அரங்கநாதன் பிறந்த நாள்: 12.08.1892’ என்று எழுதி வைத்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: “சார், எங்க அண்ணன் போன்ல தேடிப் பார்த்தேன். ஒரு இடத்துல ஆகஸ்ட் 9ன்னு போட்டிருக்கே, எது சார் சரி?”

“பலகையில இருக்கிறதுதான் சரி, போய் உட்காரு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாலையில் மனம் உறுத்தியது. நான் எழுதிய தேதி எனக்கு எங்கிருந்து கிடைத்தது? ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்த ஒரு படத்திலிருந்து. அந்த மாணவியாவது தேடியிருந்தாள். நான் தேடவே இல்லை. வீட்டில் அமர்ந்து தேடியபோது இரண்டு தேதிகளுமே வெவ்வேறு இடங்களில் அச்சாகியிருப்பது தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி, அவள் கேட்டது நல்ல கேள்வி என்றும் சொன்னேன். அன்று நடந்த பாடமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெற்ற பயிற்சியும் பெறாத பயிற்சியும்

நான் பி.எட். படித்த காலத்தில் கல்லூரி நூலகத்தில் அட்டைப் பட்டியல் இருந்தது. நூலாசிரியர் பெயருக்கு ஓர் இழுப்பறை, நூலின் தலைப்புக்கு ஓர் இழுப்பறை, பொருளுக்கு ஓர் இழுப்பறை. முதல் வாரத்திலேயே நூலகர் எங்களை அழைத்து, எதை எங்கே தேட வேண்டும் என்று செய்து காட்டினார். நூலகத்தைப் பயன்படுத்தும் முறையும் அங்கே ஒரு பாடமாக இருந்தது.

இன்று நம் கையில் இருக்கும் கைபேசி அந்த நூலகத்தைவிடப் பெரியது. திறன் பலகையை இயக்கவும், பாடநூலின் கியூஆர் குறியீட்டைத் திறக்கவும், எமிஸ் தளத்தில் பதிவு செய்யவும், தீக்‌ஷா தளத்தில் பயிற்சி முடிக்கவும் கற்றுக்கொண்டோம். இவை தேவையானவையே. ஆனால் கியூஆர் குறியீடு, பிறர் நமக்காகத் தேடி வைத்த ஓர் இடத்துக்கு மட்டுமே அழைத்துச் செல்லும். பாடநூலுக்கு வெளியே ஒரு மாணவர் கேள்வி எழுப்பினால் நாமேதான் தேட வேண்டும். கருவியை இயக்குவது ஒரு திறன். தேடுவது வேறொரு திறன். இரண்டாவதை நம்மில் பலருக்கு யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை.

அரங்கநாதனும் ஆசிரியராக இருந்தவர்தான். கணிதம் கற்பித்தவர், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அவருடைய ஐந்து நூலக விதிகள் 1931 இல் நூலாக வெளிவந்தன. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காம் விதி. ஒரு தேடலுக்குப் பல்லாயிரம் விடைகள் வந்து விழும் இக்காலத்தில் அந்த விதிக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

தமிழில் தேடும்போது

ஆங்கிலத்தில் தேடுவதற்கும் தமிழில் தேடுவதற்கும் சில வேறுபாடுகள் உண்டு. வகுப்பில் நாங்கள் கண்டவை இவை:

1. ஒரே பெயருக்குப் பல எழுத்து வடிவங்கள் இருக்கும். ரங்கநாதன், அரங்கநாதன், இரங்கநாதன் என்று மூன்று விதமாகவும், முன்னெழுத்தை எஸ்.ஆர்., சீ.இரா. என்று மாற்றியும் தேடினோம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கங்கள் வந்தன. ஒரு வடிவத்தில் கிடைக்கவில்லை என்றால், தகவலே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

2. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவம் மாறும். ‘நூலகத்தின் வரலாறு’ என்று தேடிக் கிடைக்காதது, ‘நூலகம் வரலாறு’ என்று தேடும்போது கிடைக்கலாம். வேர்ச்சொல்லை அல்லது பெயர்ச்சொல்லை மட்டும் இடுவது நல்லது.

3. பழைய நூல்கள் பல, பக்கங்களைப் படமாக எடுத்து ஏற்றப்பட்டவை. படத்துக்குள் இருக்கும் சொற்களைப் பெரும்பாலும் தேடுபொறி காணாது. அவற்றை நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு கொண்டே தேட வேண்டும்.

4. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும் தேடலில் அகப்படுவதில்லை. நாம் தயாரிக்கும் வினாத்தாள்களையும் குறிப்புகளையும் ஒருங்குறியில் சேமித்தால், நமக்குப் பின் வரும் ஆசிரியர்களும் தேடி எடுக்கலாம். தமிழ்99 விசைப்பலகையைச் சில நாள் பழகினாலே போதும், இது எளிதாகிவிடும்.

எங்கே தேடலாம்?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள்; ஆகவே அங்கே நூலுக்குள்ளும் சொல்லைத் தேட முடியும். கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்தியத் தேசிய மின்னூலகம், பல நிறுவனங்களின் கல்வி வளங்களை ஒரே இடத்தில் தேட உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளக் கூடாது. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்டவுடன் அழகான விடை தருகின்றன. ஆனால் இல்லாத நூலின் பெயரைக்கூட இருப்பதுபோல் சொல்லிவிடும். அவை சொல்லும் நூல் உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஒரு பாடவேளைச் செயல்பாடு

மறுநாள் நாங்கள் செய்ததை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இல்லாவிட்டால் ஆசிரியரின் ஒரு கைபேசியே போதும்.

மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே வினாவைக் கொடுங்கள். இரண்டு குழுக்கள் பள்ளி நூலகப் புத்தகங்களிலும், இரண்டு குழுக்கள் முறை வைத்து இணையத்திலும் தேடட்டும். குறிப்பேட்டில் நான்கு கட்டம்: வினா, தேடிய சொல், கிடைத்த விடை, கிடைத்த இடம். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் விடையை ஏற்பதில்லை என்பதே விளையாட்டின் விதி.

கடைசிப் பத்து நிமிடம் விடைகளை ஒப்பிடுங்கள். மாறுபட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொல்பவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு எவரேனும் தனியாக இதையே சொல்கிறாரா? ஒரே செய்தியை ஐந்து தளங்கள் நகலெடுத்திருந்தால் அது ஐந்து சான்றாகாது, ஒரே சான்றுதான். எங்கள் மாணவர்கள் இதைத் தாமாகவே கண்டுபிடித்தார்கள். மூன்று பக்கங்களில் எழுத்துப் பிழைகூட ஒன்றாகவே இருந்தது!

ஆசிரியர் கல்வியில் செய்ய வேண்டியது

இதைக் கணினி ஆசிரியரின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. பி.எட். கல்லூரிகளிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் மாணவ ஆசிரியர்கள் எழுதும் பாடத்திட்டக் குறிப்புடன், அதற்காக எங்கெல்லாம் தேடினார்கள் என்ற பதிவையும் கேட்கலாம். நூலகரை ஒரு வகுப்பெடுக்க அழைக்கலாம். குறுவள மையக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒரே வினாவை எல்லோரும் தேடி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவற்றுக்குப் புதிய கருவியோ நிதியோ வேண்டியதில்லை.

எங்கள் அறிவிப்புப் பலகையில் இப்போது ஒவ்வொரு செய்தியின் கீழும் ‘எடுத்த இடம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த மாணவிதான் அதற்குப் பொறுப்பு. நான் எழுதும் செய்தியையும் அந்த வரி இல்லாமல் அவள் ஒட்ட விடுவதில்லை. ஆசிரியர் தமக்குத் தெரியாததைத் தேடுவதை மாணவர் கண்ணால் பார்க்கட்டும். தேடல் பாடத்தின் முதல் வகுப்பு அதுதான்.