மலை ஜீப்பின் கியர்ப் பெட்டித் தாங்கி

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் காலையிலேயே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். என் அன்னையும் பல்லாண்டுகள் அவ்வாறு சென்று வந்தவரே. ஆதலின் இக்கட்டுரையின் பொருள் எனக்கு வெறும் பாடமன்று. நம் மன்றத்து நண்பர் பலரும் அவ்வண்டிகளில் ஏறியவர்கள்தாம். ஆயினும் காலடித் தகட்டுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று குனிந்து பார்த்தவர் சிலரே.

வில்லிஸ் வழிவந்த பழைய மகிந்திரா ஜீப்பில் எஞ்சின், கிளச்சு, கியர்ப் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டால் பிணைக்கப்பட்டு ஒரே உடலாக நிற்கின்றன. அவ்வுடல் இரும்புச் சட்டத்தின்மேல் நேரே அமர்வதில்லை. முன்புறம் எஞ்சினின் இரு பக்கமும் இரண்டு ரப்பர்த் தாங்கிகள். பின்புறம் கியர்ப் பெட்டியின் அடியில், கழற்றக்கூடிய குறுக்குச் சட்டத்தின்மேல் ஒன்று. டிரான்ஸ்பர் பெட்டிக்கருகே ஒரு சிறு ரப்பர்த் திண்டும் உண்டு. பட்டறையில் இவற்றை ‘மவுண்டிங்’ என்பர். எஞ்சினை ரப்பரில் மிதக்கவிடும் முறையை 1931-இல் அமெரிக்கப் பிளிமத் கார் விளம்பரப்படுத்திப் பெயர் பெற்றது.

இந்த ரப்பருக்கு அதிர்வைக் குறைப்பது மட்டுமே வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவு கூர்க: எஞ்சின் தண்டை ஒரு திசையில் முறுக்கினால், தண்டு எஞ்சினை எதிர்த்திசையில் முறுக்கும். வில்லிஸ் சி.ஜே. 3பி வண்டியின் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். முதல் கியர் அதனை 2.8 மடங்கும், டிரான்ஸ்பர் பெட்டியின் தாழ்நிலை 2.46 மடங்கும் பெருக்குகின்றன. பெருக்கிப் பாருங்கள், ஆயிரம் நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. 50 கிலோ மூட்டையொன்றை இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட கடப்பாறையின் நுனியில் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும் இது. கொண்டை ஊசி வளைவில் முழு விசையோடு ஏறும்போது இத்தனையும் தாங்கிகளின்மேல் வந்து விழுகிறது.

ரப்பர் தளர்ந்தால் என்னாகும்? கிளச்சின் மிதி சட்டத்தோடு சேர்ந்தது. கிளச்சோ எஞ்சினோடு சேர்ந்தது. எஞ்சின் அசைந்தால் இரண்டுக்கும் நடுவேயுள்ள இணைப்பு தானாகவே இழுபடும். கிளச்சு விட்டுவிட்டுப் பிடிக்கும். அதனால் எஞ்சின் மேலும் குலுங்கும். கியர் தானே நழுவுவதும் உண்டு. இறக்கத்தில் கியர் நழுவினால் எஞ்சினின் தடை இல்லாமற் போகிறது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல். பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறு வழியாகச் சமவெளியில் ஓடும் வண்டியில் இக்குறை நெடுநாள் மறைந்திருக்கும். நெல்லியாம்பதி ஏறினால் அன்றே வெளிப்படும்.

ரப்பரின் பகைவன் எண்ணெய். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி ஊதிப் பஞ்சுபோல் ஆகிவிடும். கோட்டயத்தில் ரப்பர் வாரியமே இருக்க, அந்நாட்டு வண்டி ரப்பராலேயே அவதிப்படுவது வேடிக்கைதான். எனவே புதுத் தாங்கி வாங்குமுன் எண்ணெய் எங்கிருந்து கசிகிறதென்று தேடுக. இவ்வண்டியின் கைப்பிரேக்கு சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னே தண்டின்மேல் உள்ளது. அங்குள்ள சீல் கசிந்தால் கைப்பிரேக்கும் நனையும், ரப்பரும் நனையும்.

மாற்றும் முறை கடினமன்று. சமதரையில் நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் கல் வைக்க வேண்டும். மேற்சொன்ன கைப்பிரேக்கை நம்பிக் கீழே படுக்கலாகாது. டிரான்ஸ்பர் பெட்டியின் அடியில் தடித்த பலகை வைத்து, அதன்மேல் ஜாக்கி கொடுத்து, பாரம் நீங்கும் அளவுக்கு மட்டுமே உயர்த்துக. அளவு மீறினால் முன்னே விசிறி ரேடியேட்டரில் இடிக்கும். ஒருவர் அங்கே நின்று பார்ப்பது நன்று. பிறகு பழைய தாங்கியைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, புதியதைப் பொருத்தலாம்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். சிறுவனாக நான் ஒரு பட்டறையில் விளக்குப் பிடித்து நின்றபோது, ஜாக்கியின் மேலிருக்கும்போதே போல்ட்டுகளை முழுவதும் முடுக்கிவிட்டனர். ஜாக்கி இறங்கியதும் ரப்பர் கோணலாகத் திருகிக்கொண்டது. சில வாரங்களில் கிழிந்தது. போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, ஜாக்கியை இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, எஞ்சின் தன் இயல்பான இடத்தில் அமர்ந்த பின்னரே முடுக்க வேண்டும். பழைய டயர்த் துண்டை வெட்டிச் செருகுவதும் கூடாது. உள்ளிருக்கும் நூலடுக்கு வேண்டிய அளவு நெகிழாது, அதிர்வு முழுதும் குறுக்குச் சட்டத்துக்குப் போகும்.

சில வண்டிகளில் எஞ்சின் முன்னோக்கி நகராமல் தடுக்க ஒரு கம்பி வடம் இருக்கும். அதனைக் கடைசியில் தொய்வு நீங்கும் அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டுக. எஞ்சினைப் பின்னிழுக்கக் கூடாது. கிளச்சு மிதியில் ஏறத்தாழ 1 அங்குலம் வெற்றசைவு இருக்கிறதா என்று பார்த்து, ஆளேற்றாமல் ஒருமுறை மேடேறி இறங்கி வந்தபின், எல்லா நட்டுகளையும் மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும்.