விமானந்தாங்கி குறைந்தால் கடல் பறிபோகுமா?

நம்பிக்கை: 1942 ஏப்ரல் 9ஆந் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதோடு இந்து சமுத்திரத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் காரியமும் முடிந்தது, இலங்கை தப்பியது தெய்வாதீனம்.

உண்மை: ஹட்டனிலும் நானுஓயாவிலும் ரயிலேறிய தேயிலைப் பெட்டிகள் அந்த ஏப்ரலுக்குப் பின்னரும் கொழும்பிலிருந்து கடல் கடந்து சென்றன என்ற விஷயமே இதனை மறுக்கப் போதுமானது. ஜாவாவும் சுமாத்திராவும் ஜப்பானியர் வசமாகிவிட்டபடியால், ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் என்று தேயிலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்து, நம் மலைநாட்டுக் கொழுந்தையும் இந்தியக் கொழுந்தையுமே பெரிதும் நம்பியிருந்தது. அந்தக் கடல்வழியைக் காப்பதே பிரிட்டிஷாரின் கீழைக் கடற்படையின் தலையாய கடமை.

ஹெர்மிஸோ, தன் விமானங்களைத் திருகோணமலைக் கரையில் விட்டுவிட்டு, வெறுந்தளத்தோடு பகைவர் கண்ணில் பட்ட பழைய சிறு கப்பல். எஞ்சிய இண்டோமிட்டபிள், பார்மிடபிள் என்னும் இரண்டை வைத்துக்கொண்டு ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து தாங்கிகளைப் பட்டப்பகலில் எதிர்ப்பது தற்கொலைக்குச் சமானம் என்று கண்ட கீழைக் கடற்படைத் தளபதி சோமர்வில், பழைய போர்க்கப்பல்களைக் கிழக்கு ஆபிரிக்காவின் கிலிண்டினித் துறைக்கு அனுப்பிவிட்டார். கோழைத்தனம் என்று இதைப் பழிப்போர் உண்டு. டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு குரூசர்களை நான்கு நாள் முன்னதாகவே பறிகொடுத்தவர், மிச்சத்தையும் மானத்துக்காகப் பலியிட்டிருந்தால், பிற்பாடு கப்பற்கூட்டங்களுக்குத் துணைபோக எதைக் கொண்டுவந்திருப்பார் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நம்பிக்கை: தாங்கிகளின் எண்ணிக்கையே கடற்பலம்.

உண்மை: 1943 ஜனவரியில் இல்லஸ்ட்ரியஸ் என்ற தாங்கியும் விடைபெற்றபின், அக்டோபரில் பாட்லர் என்ற சிறு தாங்கி வந்து சேரும்வரை, அக்கடற்படைக்கு ஒரு விமானந்தாங்கியும் இல்லை! நீர்மூழ்கிகளால் சேதம் நேர்ந்தது மெய்யே. ஆயினும் போக்குவரத்து அறுபடவில்லை. கொக்கலையிலிருந்து பறந்த கடல்விமானங்களும், கூட்டமாகச் சென்ற சரக்குக் கப்பல்களுக்குத் துணைபோன சிறு கப்பல்களும் கடல்வழியைப் பார்த்துக்கொண்டன. அதிர்ஷ்டத்தின் பங்கையும் மறைப்பதற்கில்லை: கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஐந்து தாங்கிகளுள் அகாகி, சோர்யு, ஹிர்யு என்ற மூன்றும் 1942 ஜூனில் மிட்வேயில் அமெரிக்கரால் அழிந்தன.

காவலுக்கு இத்தனையும் போதும், படையெடுப்புக்குப் போதாது. 1944 ஏப்ரல் 19இல் சுமாத்திராவின் வடமுனையை அடுத்துள்ள சபாங் துறையைத் தாக்க திரும்பிவந்த இல்லஸ்ட்ரியஸ் என்ற பெரிய தாங்கி ஒன்றே கையிலிருக்கக் கண்ட சோமர்வில், அமெரிக்கரின் சரடோகா என்ற தாங்கியை இரவல் பெற்று உடன் அழைத்துச் சென்றார்.