தாய் தகப்பன் தேட்டம்: பங்கிடும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருகோணமலையில் ஒருவர் கண்மூடும்போது விட்டுச்செல்வது பெரும்பாலும் ஒரே வகைச் சொத்தாக இருப்பதில்லை. பட்டினத்தில் வீடு வளவு, தம்பலகாமத்தில் வயல், நிலாவெளிப் பக்கம் துண்டுக் காணி, திருக்கடலூர்க் கரையில் படகும் எஞ்சினும், சீனக்குடாத் தொழிற்சாலையில் உழைத்த சேமலாப நிதி என்று அது பல விதம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி உண்டு. அதை அறியாமல் பேசத் தொடங்கும் குடும்பங்களே பெரும்பாலும் முறிகின்றன.

செய்ய வேண்டியவை

1. உங்கள் குடும்பத்துக்கு எந்தச் சட்டம் என்பதை முதலில் கேட்டறியுங்கள். மரண சாசனம் இல்லாவிட்டால், பொதுச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை பொருந்தலாம். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இஸ்லாமிய வாரிசுரிமை வரும். சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்தால் பாதிச் சண்டை தீரும்.

2. அம்மாவின் பங்கை முதலில் ஒதுக்குங்கள். பொதுச் சட்டப்படி அப்பாவின் சொத்தில் பாதி அம்மாவுக்கு. மற்றப் பாதிதான் ஆண், பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக வரும். பிள்ளைகள் நால்வர் என்றால் ஒருவருக்கு எட்டில் ஒன்று, நாலில் ஒன்றல்ல. அம்மா மனமுவந்து தன் பங்கை எழுதிக் கொடுத்தாலும், அவர் இருக்கும்வரை அந்த வீட்டில் வாழும் சீவிய உருத்தை உறுதியில் எழுதுவியுங்கள்.

3. உறுதிக் காணியையும் பேமிட் காணியையும் வேறாக வையுங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை நினைத்தபடி கூறுபோட முடியாது. அதற்குப் பின்னுரித்தாளர் நியமனம் உண்டா என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள். அந்தக் காணி ஒரு பிள்ளைக்குப் போனால், மற்றவர்களுக்கு வேறு சொத்தில் ஈடுசெய்யுங்கள்.

4. தொலைந்த உறுதியைத் தேடி எடுங்கள். 1990, 2006 இடப்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் பெட்டியோடு பத்திரங்களை இழந்தவர்கள் இங்கே பலர். உறுதி பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம்.

5. முன்னமே கொடுத்ததை எல்லோருக்கும் ஒரே அளவில் கணக்கெடுங்கள். கலியாணத்துக்கோ வாழ்க்கையில் நிலைநிறுத்தவோ ஒரு பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்ததைப் பங்குக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது 1876ஆம் ஆண்டுச் சட்டம். வேண்டாம் என்று பெற்றோரே விலக்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அக்காவின் சீதன வீட்டைக் கணக்குப் பார்ப்பவர்கள், தம்பியை வெளிநாடு அனுப்ப அப்பா வயலை ஈடுவைத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

6. துண்டாட முடியாததற்கு இன்றைய விலை போடுங்கள். படகு, எஞ்சின், வலை மூன்றும் கடலுக்குப் போகும் பிள்ளையிடம் ஒன்றாக இருந்தால்தான் தொழில் நடக்கும். மற்றவர்களுக்குரிய பெறுமதியை அவர் தவணையாகக் கொடுக்கட்டும். சிறிய வயலை வரம்புபோட்டுக் குறுக்குவதைவிட, ஒருவர் வாங்குவதோ பெரும்போகம், சிறுபோகம் என முறைவைத்துச் செய்வதோ நல்லது.

செய்யக்கூடாதவை

1. செத்தவீட்டில் பங்குப் பேச்சை எடுக்காதீர்கள். 31ஆம் நாள் கடமை முடியட்டும். அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். வாரிசுகளில் ஒருவர் இறந்தால் அவர் பிள்ளைகளும் பங்காளிகளாவார்கள், கையெழுத்துகள் கூடும்.

2. வாய்ப்பேச்சை நம்பி விடாதீர்கள். காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். “அந்த வீடு உனக்குத்தான்” என்று அப்பா சொன்னது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் உறுதி அப்பா பெயரில் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது அவர் சொத்தே.

3. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, எல்லா அதிகாரத்தையும் கொடுக்கும் பொது அற்றோணித் தத்துவத்தை அவசரமாக அனுப்பக் கூடாது. எந்தக் காணி, என்ன காரியம் என்று குறித்து எழுதுங்கள்.

4. அப்பாவின் வங்கி அட்டையில் இரகசியமாகப் பணம் எடுக்காதீர்கள். சேமலாப நிதியில் பெயர் குறிக்கப்பட்டவரிடமே பணம் கொடுக்கப்படும், அதையும் மறைக்க வேண்டாம். செத்தவீட்டுச் செலவையும் கடனையும் ஒரு கொப்பியில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள்.

5. படுக்கையில் கிடந்த தாயைக் கழுவித் துடைத்துப் பார்த்த பிள்ளையையும் இரண்டு வருடத்துக்கொருமுறை வந்துபோன பிள்ளையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சட்டம் இருவருக்கும் சமமாகக் கொடுக்கலாம். மிச்சத்தை உங்கள் மனம் கொடுக்க வேண்டும்.

6. கோபத்தில் பிரிவினை வழக்குப் போடாதீர்கள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பிரிக்க முடியாத வீட்டை விற்குமாறும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அதற்கு முன் இணக்கசபைக்குப் போங்கள்.

அம்மா நிம்மதியாகத் தூங்க ஒரு கூரை, வசதி குறைந்த பிள்ளைக்கு ஒரு பிடி கூட, எல்லாம் எழுத்தில். இந்த மூன்றும் இருந்தால் அந்தப் பங்கீடு நியாயமானது. பெற்றோர் உயிரோடு இருப்பவர்கள் இந்த வாரமே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் கையாலேயே எழுதிவைத்துவிட்டால், பிறகு நீங்கள் பங்காளிகளாகாமல் சகோதரர்களாகவே இருக்கலாம்.