பித்தளை வாஷரும் ஒரு படிப்புக் கடனும்



"பொம்பளைப் புள்ளைய கடன் வாங்கியா இன்ஜினியரிங் படிக்க வைக்கணும்?" குழுக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அப்படிக் கடன் வாங்கிப் படித்த ஒரு பெண்ணைப் பற்றி இந்த மாதப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

பியாட்ரிஸ் ஷில்லிங் 1909 மார்ச் 8-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா கறிக்கடைக்காரர். 14 வயதிலேயே சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கி ஓட்டினார். பள்ளி முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியாளரிடம் வயரிங் வேலை கற்றார். மேலே படிக்கத் தூண்டியவரும் அவரே. ஒரு பெண்கள் சங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1932-ல் மின் பொறியியல் பட்டமும், அடுத்து இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1936-ல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-ல் பிரிட்டன் விமானிகளுக்கு ஒரு பெரிய ஆபத்து இருந்தது. எதிரியைத் துரத்தி விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து இன்ஜின் அடைத்துக்கொள்ளும். ஜெர்மன் விமானங்களில் கார்புரேட்டரே இல்லை. பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் பீய்ச்சப்படும். அதனால் அவர்கள் சுலபமாகத் தப்பித்தார்கள்.

ஷில்லிங் கண்ட வழி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. இன்ஜின் முழு வேகத்தில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவுதான் அந்த ஓட்டை வழியாகப் போகும். இன்ஜினைக் கழற்ற வேண்டாம், விமானத்தைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். 1941-ல் ஷில்லிங்கும் அவரது குழுவினரும் விமானத் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தினார்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். ஆனாலும் புதுவகைக் கார்புரேட்டர் வரும்வரை விமானிகளின் உயிரைக் காத்தது.

போருக்குப் பின் அரசு விருது கிடைத்தது. 1969 வரை அதே நிலையத்தில் வேலை பார்த்தார். 1990-ல் காலமானார்.

படிப்புக்கு வாங்கிய கடன் வீண் செலவு இல்லை என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

குழுவில் பேசுவோம்:

1. நம் குழு கடைசியாக ஒரு மகளின் படிப்புக்குக் கடன் கொடுத்தது எப்போது?
2. மகளின் கல்யாணக் கடனுக்கு உடனே கையெழுத்துப் போடுகிறோம். படிப்புக் கடன் என்றால் ஏன் தயங்குகிறோம்?
3. வேலை தெரிந்த பெண்கள் நம் ஊரில் யார்? நம் பெண்களை அவர்களிடம் பழக அனுப்பலாமா?

பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதிவைப்போம்.